பட்டை அறாத நூறாவது நாள்

பதினெட்டுப்பட்டித் தாய்சேய் க்ஷேம சபையில் பதினேழு அங்கத்தினர்கள் இருந்தார்கள். அவர்களில் தாய் ஒருவரும் இல்லை. சேய் என்று சொல்லத்தக்கவர் ஒருவர் உண்டு. கூட்டத்தில் தமக்குப் பின்வரிசை நாற்காலி போட்டால் அழுதுவிடுவார். அவருக்கு வயது அறுபத்திரண்டு.

ராசிபுரம் கடைவீதிக்குப் பின்னால் சபைக்குச் சொந்தமாக ஓட்டுக் கட்டிடம் இருந்தது. ‘ஒரு கர்ப்பிணியும் உதவியின்றி வருந்தலாகாது’ என்று வாசலில் கல்வெட்டுப் பொறித்திருந்தார்கள். அந்த வாசகத்தில் ‘உதவி’ முன்னால் வரவேண்டுமா ‘கர்ப்பிணி’ முன்னால் வரவேண்டுமா என்று தீர்மானிக்க ஏழு மாதம் பிடித்தது. அந்த ஏழு மாதமும் பதினெட்டுப்பட்டியில் பிள்ளைகள் தம் பாட்டுக்குப் பிறந்துகொண்டுதான் இருந்தன.

சபைக்கு ஒரு மோட்டார் வண்டியும் உண்டு. பக்கத்து ஊர் ஜமீனான மிட்டாதார் தருமமாகக் கொடுத்தது. புது வண்டி வாங்கிய பிறகு பழையதை விற்க எவ்வளவோ பார்த்தார், ஆள் அகப்படவில்லை. அதன்பேரில் அவருக்குத் தரும சிந்தை உண்டாயிற்று. பிரசவ வேதனை கண்ட வீட்டிலிருந்து ஆள் ஓடிவந்து படிவம் எழுதிக் கொடுத்தால், சபையின் மருத்துவச்சி அந்தோணிமேரியை வண்டியில் ஏற்றி அனுப்புவார்கள். படிவத்தில் இருபத்துமூன்று கட்டங்கள். ‘வலி எத்தனை மணிக்குத் தொடங்கிற்று? அது மெய்வலியா, பொய்வலியா? வலியை நேரில் கண்ட சாட்சிகள் இருவர் பெயர்’ என்றெல்லாம் கேட்டிருக்கும். பதினெட்டுப்பட்டிப் பெண்கள் கெட்டிக்காரிகள். படிவம் எழுதி முடியும்வரை பல்லைக் கடித்துக்கொண்டு பொறுக்கப் பழகியிருந்தார்கள்.

வண்டியின் ஓட்டுநன் சென்னிமலை. வெண்ணந்தூர்ப் பக்கத்துப் பண்ணையக்காரர் வீட்டுப் பையன். கைராசிக்காரன், யாரையும் எதிர்த்துப் பேசத் தெரியாதவன். ‘மோட்டார்க்காரர்’ என்று ஊரார் கூப்பிடும்போது காது குளிர்ந்து போகும் அவனுக்கு. அந்த ஒரு சொல்லுக்காக வாயை மூடிக்கொண்டிருந்த கதைதான் இது.

வண்டி வந்த புதிதில் எஞ்சினின் விசிறியைச் சுழற்றத் தோல் பட்டை ஒன்று இருந்தது. தோல் என்றால் சென்னிமலைக்குப் பால்குடி நாளிலிருந்து பழக்கம். அவன் அப்பன் மாடு கட்டிக் கவலை ஓட்டிக் கிணற்றில் தண்ணீர் இறைத்தவர். கிணற்றுத் தோல்பறி காய்ந்து வெடிக்காமலிருக்க வெள்ளிக்கிழமை தோறும் புங்க எண்ணெய் தடவுவார்கள். ஒரு வெள்ளி தப்பினால் அப்பன் சோறு போடமாட்டார். ஆகவே மோட்டார்ப் பட்டைக்கும் வெள்ளிக்கிழமை தோறும் புங்க எண்ணெய் நடந்தது. பட்டை இரண்டு வருஷம் உழைத்து, வயதாகி, மரியாதையாக ஓய்ந்தது.

பிறகு சேலத்திலிருந்து புதுப் பட்டை வந்தது. கறுப்பாக இருந்தது. ரப்பரும் துணியும் சேர்த்துச் செய்தது என்று யாரும் அவனுக்குச் சொல்லவில்லை. சபையிலும் யாருக்கும் தெரியாது. எருமைத் தோலாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டு, ‘கெட்டித் தோல், எண்ணெய் கொஞ்சம் கூடத்தான் குடிக்கும்’ என்று சேர்த்தே தடவினான். மூன்றாவது வாரம் அறுந்தது. எண்ணெய் பற்றவில்லை போலும் என்று அடுத்ததற்கு இரட்டிப்பாகத் தடவினான். அது பதினைந்து நாளில் அறுந்தது. இப்படியே, அவன் கரிசனம் ஏற ஏற, பட்டையின் ஆயுள் இறங்கிக்கொண்டே வந்தது.

பட்டை அறுந்தால் விசிறி நிற்கும். விசிறி நின்றால் தண்ணீர் கொதிக்கும். பாதி வழியில் புளியமரத்தடியில் வண்டி ஆவி கக்கிக்கொண்டு நிற்கும். அந்தோணிமேரி இறங்கி, பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு நடப்பாள். சேலத்துக்காரி, நாற்பத்தைந்து வயதுக்காரி, கழுத்தில் செபமாலை. நாலு அடி போனதும் திரும்பிப் பார்ப்பாள்.

“வெயில்ல நிக்காதே சாமி, நெழல்ல உக்காரு. புள்ளை பொறந்ததும் சொல்லி அனுப்பறேன்.”

பதினோராவது பட்டை அறுந்தபோது சபை விழித்துக்கொண்டது. ‘பட்டை விசாரணை உபகமிட்டி’ ஒன்று ஏகமனதாக நியமனமாயிற்று. அறுந்த பதினொரு பட்டைகளையும் தாம்பாளத்தில் வரிசையாக அடுக்கி, ஒவ்வொன்றுக்கும் சீட்டுக் கட்டி, அங்கத்தினர்களிடம் சுற்றுக்கு விட்டார்கள். ஒருவர் இழுத்துப் பார்த்தார். ஒருவர் முகர்ந்து பார்த்துத் தும்மினார். அதுதான் அன்றைக்கு உண்மைக்கு மிகச் சமீபத்தில் யாரும் போனது.

தலைவர் ஸ்ரீமான் அர்த்தநாரி எழுந்து பேசினார். “மோட்டார் யந்திரத்தைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. பிரசவத்தைப் பற்றியும் தெரியாது. ஆகையால் இந்த விஷயத்தில் என்னைப்போல் நடுநிலையானவர் இந்த ஜில்லாவில் கிடைக்கமாட்டார். தெரிந்தவர்கள் உடனே காரணத்தைச் சொல்லிவிடுவார்கள். நாம் அப்படி அவசரப்படக் கூடாது.”

பலத்த கரகோஷம்.

அன்னிய நாட்டுப் பட்டை நம் வெயிலை அறியாது, ராசிபுரத்துப் பட்டு இருக்கும்போது சீமைச் சரக்கு எதற்கு என்றார் ஒருவர். அதன்படி கைத்தறியில் நாலு விரல் அகலத்தில் பட்டுப் பட்டை நெய்து, ஓரத்தில் சபையின் பெயரை ஜரிகையில் போட்டு, மேளதாளத்துடன் மாட்டினார்கள். வண்டி கடைவீதி முனையைத் திரும்புவதற்குள் புகைந்தது. கல்யாண வீட்டில் சேலை தீப்பிடித்தாற்போல் வாடை வந்தது. ‘பட்டு முயற்சி பெரும்பாலும் வெற்றி’ என்று காரியதரிசி அப்புசாமி குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார்.

கடைசியில், நிபுணர் அபிப்பிராயம் ஒன்று இருந்தால் விசாரணைக்கு அழகாக இருக்கும் என்று தோன்றிற்று. பதினொரு பட்டைகளையும் மூட்டை கட்டிச் சென்னிமலையின் தலையில் ஏற்றி, சூரமங்கலத்துக்கு அனுப்பினார்கள். அங்கே அமிர்தசாமி என்பவர் ரயில்வேயில் முப்பது வருஷம் ஃபிட்டராக இருந்துவிட்டு, ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் சொந்தப் பட்டறை வைத்திருந்தார்.

அமிர்தசாமி மூட்டையைப் பிரிக்குமுன்பே கேள்விகளை ஆரம்பித்தார். “கப்பி ரெண்டும் ஒரே நேருல இருக்குதா? நூல் புடிச்சுப் பாத்தியா?”

“பாத்தனுங்க. மசிரிழை கூடக் கோணலில்லீங்க.”

“விசிறியக் கையால சுத்துனா லேசா சுத்துதா?”

“பம்பரமாட்டச் சுத்துதுங்க.”

“இழுத்து முறுக்கி மாட்டுவியோ?”

“இல்லீங்க. ஒரு வெரல் வெச்சு அமுக்குனா அரை அங்குலம் அமுங்குமுங்க.”

“பின்னே என்ன கேடு?” என்று ஒரு பட்டையைக் கையில் எடுத்தார். “கப்பி கோணலா இருந்தா ஓரம் தேஞ்சிருக்கும். இறுக்கமா இருந்தா வெடுக்குனு அறுந்திருக்கும். இது என்னடா, ஊறவெச்ச அப்பளமாட்டம் உப்பி, அடுக்கடுக்கா உரிஞ்சு கெடக்குது?” மூக்கருகே கொண்டுபோனார். அப்படியே நிறுத்தி, சென்னிமலையை நிமிர்ந்து பார்த்தார்.

“புங்கெண்ணெய். யாரு தடவுனது?”

“நான்தானுங்க. வெள்ளிக்கெழம வெள்ளிக்கெழம. ஒரு வாரங்கூடத் தப்புனதில்லீங்க.”

அமிர்தசாமி சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலையாக இருந்திருக்கும். “தோலுக்கு எண்ணெய் சோறு, தம்பி. ரப்பருக்கு அது விஷம். பதினொண்ணையும் நீயே சோறூட்டிக் கொன்னிருக்கே” என்றார். பிறகு ஒரு சீட்டை எடுத்துப் பென்சிலால் நாலு வரி எழுதி, தேதி போட்டு, கையெழுத்திட்டுக் கொடுத்தார்.

நாமக்கல் பஸ்ஸில் திரும்பி வரும்போது சட்டைப்பையில் அந்தச் சீட்டு அடுப்புத் தணலாகச் சுட்டது. பதினொரு தடவை அந்தோணிமேரி பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு நடந்ததெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகக் கண்முன் வந்தது. கொடுத்துவிடத்தான் வேண்டும். ஆனால் கொடுத்தால் வேலை போகும். ‘மோட்டார்க்காரர்’ மறுபடியும் ஏர் பிடிக்கவேண்டும். பட்டை விற்ற கடைக்காரன்மேல் எப்படியும் பழியைப் போட்டுவிடுவார்கள், கடைக்காரனுக்கு அதனால் என்ன, ஒரு நாள் பார்த்துக் கொடுத்தால் குடிமுழுகிப் போகாது என்று மனசைச் சமாதானம் பண்ணிக்கொண்டான்.

மறுநாள் உபகமிட்டி கூடிற்று. நிபுணர் என்ன சொன்னார் என்று யாரும் கேட்கவில்லை. நிபுணரிடம் அனுப்பியதாகக் குறிப்பேட்டில் ஏறிவிட்டது, அது போதும். அப்புசாமி தொண்டையைக் கனைத்துக்கொண்டு எழுந்தார்.

“பட்டை அறுந்த பதினொரு தடவையும் தலைவர் வண்டியில் இருந்தாரா? இல்லை. நான் இருந்தேனா? இல்லை. மிட்டாதார் இருந்தாரா? இல்லை. ஒவ்வொரு தடவையும் தவறாமல் இருந்தவர் யார்?” நிறுத்தி, எல்லார் முகத்தையும் பார்த்தார். “மருத்துவச்சி அந்தோணிமேரி!”

சபை மூச்சை உள்ளிழுத்தது. ஒருவர் மட்டும், “சென்னிமலையும் இருந்தானே?” என்றார்.

“விதி பதினாலைப் படிக்கவேண்டும். ‘வண்டி என்பது சக்கரம், எஞ்சின், விளக்கு, ஓட்டுநர் ஆகியவை அடங்கியதாம்.’ சென்னிமலை வண்டியின் பாகம். வண்டி தன்னைத் தானே கெடுத்துக்கொள்ளுமா?”

கேட்டவர் வெட்கப்பட்டு உட்கார்ந்தார்.

வாசற்படியருகே நின்ற சென்னிமலைக்கு அந்த நொடியில் அப்பாடா என்றிருந்தது. தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்று ஒரு மூச்சு விட்டான். அந்த ஒரு மூச்சைப் பிற்காலத்தில் அவனால் ஜீரணிக்கவே முடியவில்லை. அடுத்த மூச்சிலேயே கை சட்டைப்பைக்குப் போயிற்று. ஆனால் அதற்குள் தீர்மானம் ஏகமனதாக நிறைவேறி, வந்தனோபசாரம் சொல்லி, எல்லாரும் பஜ்ஜிக்கு எழுந்துவிட்டார்கள்.

தீர்மானம் இதுதான்: இன்று முதல் அந்தோணிமேரி சபையின் வண்டியில் ஏறலாகாது.

அவளைக் கூப்பிட்டுச் சொன்னபோது, “சரிங்க ஐயா. நடக்கறது எனக்குப் புதுசா?” என்றாள். வெளியே வந்து சென்னிமலையிடம் மட்டும், “இந்தத் தடியுடம்பு ஒரு பெல்ட்டை அறுக்குமா சாமி? இருக்கும்போல. உனக்குத்தான் எத்தனை தொந்தரவு குடுத்துட்டேன்” என்றாள். அவன் தலையைக் குனிந்துகொண்டு ஹாரனைத் துடைத்தான்.

அன்றைக்கே புங்க எண்ணெய்க் குடுவையைக் குப்பைமேட்டில் கவிழ்த்தான். எண்ணெய் நின்றது, பட்டை அறுவதும் நின்றது. பத்து நாள் ஆயிற்று, இருபது நாள் ஆயிற்று, பட்டை கல்லாட்டம் இருந்தது. ‘பார்த்தீர்களா?’ என்றது சபை. அவன் திருந்தியதே அவளுக்கு எதிரான அத்தாட்சியாகிவிட்டது. தப்பைச் செய்தபோதும் அவள்தான் நடந்தாள். தப்பை நிறுத்தியபோதும் அவளேதான் நடந்தாள்.

தாங்கமாட்டாமல் ஒருநாள் சீட்டை எடுத்துக்கொண்டு அப்புசாமியின் மேஜைமுன் போய் நின்றான்.

“ஏனுங்க, இது அந்த ஃபிட்டரு குடுத்ததுங்க. பெல்ட்டு அறுந்தது என்னோட தப்புங்க. நர்சம்மா மேல ஒரு குத்தமுமில்லீங்க.”

அப்புசாமி சீட்டைத் தொடக்கூட இல்லை. “இது யாருக்கு முகவரி இட்டிருக்கிறது? உபகமிட்டிக்கு. உபகமிட்டி எங்கே? கலைத்தாயிற்று. இல்லாத கமிட்டிக்கு வந்த கடிதத்தை இருக்கிற நான் எப்படி வாங்குவது? மேலும் நீ வண்டியின் பாகம். நாளைக்குச் சக்கரம் வந்து ‘நானும் சாட்சி சொல்கிறேன்’ என்றால் சபை நடக்குமா? போய் வண்டியைத் துடை.”

சென்னிமலை போய் வண்டியைத் துடைத்தான். தலைவர் வீட்டுக்குப் போயிருக்கலாம். அந்தோணிமேரியிடமாவது சொல்லியிருக்கலாம். ‘நான்தான் கொடுக்கப் போனேனே, அவர்கள் வாங்கவில்லையே’ என்ற ஒரு வாக்கியம் அவனுக்குக் கிடைத்துவிட்டது. அதைப் போர்த்திக்கொண்டு ஒன்றரை மாதம் தூங்கினான்.

இதற்குள் சபைக்கு ஒரு சட்டச் சிக்கல் வந்தது. படிவம் கொடுத்த ஒரு மணி நேரத்துக்குள் வண்டி பிரசவ வீட்டுக்குப் போய்ச் சேரவேண்டும் என்பது பழைய விதி. மருத்துவச்சி வண்டியில் ஏறலாகாது என்பது புது விதி. இரண்டையும் மதிக்க வழி கண்டுபிடித்தார்கள்: வண்டி தனியாகப் போயிற்று, மருத்துவச்சி தனியாக நடந்தாள். படிவத்தில் ‘பட்டையின் நிலை’ என்று புதுக் கட்டம் ஒன்று சேர்ந்தது. தாளில் இடம் போதாததால் ‘தாய்சேய் நிலை’ என்ற கட்டத்தை எடுத்துவிட்டார்கள்.

புரட்டாசியில், அத்தனூருக்கு அந்தப்பக்கத் தோட்டத்தில் செல்லாயி என்ற பெண்ணுக்குத் தலைப்பிரசவம். புருஷன் ஓடிவந்து படிவம் எழுதினான். அந்தோணிமேரி பெட்டியோடு புறப்பட்டுப் போய் வெகுநேரம் கழித்து வண்டிக்கு உத்தரவு கிடைத்தது. பாதி வழியில் அவளைச் சென்னிமலை எட்டிப்பிடித்தான். வண்டியின் புழுதி அவள்மேல் விழுந்தது. மேலே போகமுடியாமல் நிறுத்தினான்.

“ஏறுங்கம்மா. யாரு பாக்கப் போறாங்க?”

அவள் படியில் கால்வைக்கப் போனவள் பின்வாங்கினாள். “வேண்டாம் சாமி. வழியில அறுந்து தொலைஞ்சா உன் வேலை போயிரும். வாழவேண்டிய புள்ளை நீ. முன்னாடி போய், நான் வாரேன்னு சொல்லு, அவளுக்குத் தெம்பா இருக்கும்.”

அப்போது சொல்லியிருக்கலாம். ‘அறுந்து போகாதும்மா, எண்ணெயை நிறுத்திவிட்டேன்’ என்று ஒரே வாக்கியம். அவன் கியரைப் போட்டான்.

வண்டி நாற்பத்தெட்டு நிமிஷத்தில் போய்ச் சேர்ந்தது. செல்லாயியின் தாய் ராமாயி வாசலுக்கு ஓடிவந்து வண்டிக்குள் எட்டிப் பார்த்தாள். “நர்சம்மா எங்கீங்க?”

“பொறத்தால நடந்து வாராங்க.”

“வண்டிதான் வந்துருச்சே, அவிய ஏன் நடக்கோணும்?”

சென்னிமலை துணியை எடுத்து மறுபடியும் ஹாரனைத் துடைத்தான். உள்ளேயிருந்து வந்த சத்தத்தைக் கேட்டுக்கொண்டு அரைமணி நேரம் வண்டியில் உட்கார்ந்திருந்தான். திரும்பிப் போய் ஏற்றிக்கொண்டு வந்தால் பத்து நிமிஷம். இரண்டு தடவை இறங்கிப்போய் முன்னால் நின்று கிளப்பும் கம்பியைக் கையில் பிடித்தான். இரண்டு தடவையும் விட்டுவிட்டான். அந்தோணிமேரி வேர்க்க விறுவிறுக்க வந்து சேர்ந்தபோது சத்தம் அடங்கியிருந்தது. செல்லாயியைக் காப்பாற்றினாள். பிள்ளையைக் காப்பாற்ற முடியவில்லை. கை கழுவ வெளியே வந்தவள், “கால்மணி முந்தி வந்திருந்தா, என் மாதாவே” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

அன்றையப் படிவம் சபையில் இன்னும் இருக்கிறது. ‘வண்டி ஒரு மணிக்குள் சேர்ந்ததா? சேர்ந்தது. பட்டையின் நிலை? நலம்.’

தலைவர் அர்த்தநாரிக்குப் பட்டையின்மேல் பக்தி முற்றிவிட்டது. வெள்ளிக்கிழமை தோறும் பட்டைக்குச் சந்தனமிட்டு, ராசிபுரத்து நெய்யால் அபிஷேகம் செய்ய ஏற்பாடாயிற்று. சென்னிமலை காலைப் பிடிக்காத குறையாகச் சொன்னான், “ஐயா, பெல்ட்டுக்கு எண்ணெயே ஆகாதுங்க, ஆகவே ஆகாதுங்க.”

“எண்ணெயா? அடப் பாவி, இது நெய்!” என்றார் தலைவர். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அபிஷேகம் முடிந்ததும் அவன் பட்டையைச் சுத்தமாகத் துடைத்து வைப்பான். துடைத்தாலும் உள்ளே இறங்கியது இறங்கியதுதான்.

ஐப்பசிக் கடைசியில் பட்டை அறாத நூறாவது நாள் வந்தது. பந்தல் போட்டு, வண்டிக்கு இருபக்கமும் வாழைமரம் கட்டி, மாவிலைத் தோரணம் தொங்கவிட்டார்கள். பட்டையைக் கழற்றி வெள்ளித் தட்டில் வைத்து, மாலை சார்த்தி, ஒரு கிண்ணம் நெய் முழுவதையும் அதன் தலையில் கொட்டினார்கள். தலைவர் ஒன்றரை மணி நேரம் பேசினார். “சகோதரர்களே! நூறு நாளாக இந்தப் பட்டை அறவில்லை. தாய்மார்களுக்கு இதைவிட நாம் என்ன செய்யமுடியும்?” என்று அவர் கேட்டபோது யாருக்கும் பதில் தோன்றவில்லை. பட்டையைக் கண்ணேபோல் காத்த சென்னிமலைக்கு வெள்ளிப் பதக்கம் என்று அறிவித்தார்கள்.

சென்னிமலை மேடையேறினான். செல்லாயி வீட்டு வாசல் சத்தம் அவன் காதைவிட்டு ஒரு நாளும் போகவில்லை. பதக்கத்தை வாங்காமல் கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினான்.

“பதினோரு பெல்ட்டும் நான் அறுத்ததுங்க. எண்ணெய் தடவிக் கெடுத்ததே நான்தானுங்க. தெரிஞ்சும் சொல்லாம இருந்துட்டனுங்க. நர்சம்மா நடந்ததுக்கு நான்தான் காரணம். அந்தத் தோட்டத்துப் புள்ளை செத்ததுக்கும் நான்தானுங்க.” அழுதுவிட்டான்.

பந்தலே அதிரும்படி கைதட்டினார்கள். “பார்த்தீர்களா, என்ன தன்னடக்கம்! சபையின் குறைகளையெல்லாம் தன் குறையாக ஏற்றுக்கொள்கிறான்!” என்று தலைவர் அவனைத் தழுவிக்கொண்டார். ‘ஓட்டுநர் ஆனந்தக் கண்ணீருடன் நன்றி கூறினார்’ என்று அப்புசாமி எழுதினார்.

அந்தச் சமயத்தில் வெண்ணந்தூரிலிருந்து ஒரு நெசவாளி மூச்சிரைக்க ஓடிவந்தான். பெண்சாதிக்கு விடியற்காலையிலிருந்து வலி, பிள்ளை குறுக்கே நிற்கிறதாம். “இன்றைக்கு வண்டி காட்சிக்கு இருக்கிறது. படிவத்தை எழுதி வை” என்றார் அப்புசாமி. பின்கட்டிலிருந்து அந்தோணிமேரி பெட்டியோடு தெருவில் இறங்குவதைச் சென்னிமலை மேடையிலிருந்து பார்த்தான்.

வெள்ளித் தட்டிலிருந்த பட்டையை மாலையோடு அள்ளினான். தலைவர், “அபசாரம்! அபசாரம்!” என்று கூவினார். சென்னிமலை தோள்துண்டால் பட்டையைத் துடைத்து, கப்பிகளில் மாட்டி, மரையை முடுக்கி, கம்பியைச் சுற்றினான். வாழைமரத்தோடும் தோரணத்தோடும் வண்டி பந்தற்காலைச் சாய்த்துக்கொண்டு வெளியே பாய்ந்தது. தெருமுனையில் அந்தோணிமேரியைக் கையைப் பிடித்து ஏற்றினான். இந்தத் தடவை அவளைக் கேட்கவில்லை.

ஐந்து மைல் ஓடியது வண்டி. வெண்ணந்தூருக்கு இன்னும் இரண்டு மைல் இருக்கும்போது படீரென்று ஒரு சத்தம். நெய்யில் ஊறிய பட்டை நார்நாராகப் பிய்ந்து தோரணத்தோடு சிக்கிக்கொண்டது. தண்ணீர் வற்றி எஞ்சின் இறுகி நின்றுவிட்டது. சென்னிமலை பெட்டியைத் தன் தலையில் வைத்துக்கொண்டான். இருவரும் ஓட்டமும் நடையுமாகப் போனார்கள். அந்த இரண்டு மைலில் அவளிடம் எல்லாவற்றையும் சொன்னான். எண்ணெய், சீட்டு, வாசற்படியில் விட்ட மூச்சு, செல்லாயி வீட்டு அரைமணி, ஒன்றையும் விடவில்லை. அவள் ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. “பெட்டியச் சாய்க்காமப் புடி” என்று மட்டும் சொன்னாள்.

பெண்குழந்தை. தாயும் பிழைத்தாள், குழந்தையும் பிழைத்தது. அந்தோணிமேரி கை கழுவிக்கொண்டு வெளியே வந்தபோது சென்னிமலை அங்கேயே நின்றுகொண்டிருந்தான்.

“என்னை மன்னிச்சுருங்கம்மா.”

“நான் நடந்தேன், கால் வலிச்சுது. அவ்வளவுதான். எனக்கு என்ன நஷ்டம்?” என்றாள் அவள். “எங்கிட்டச் சொல்லிட்டே. மேடையில ஊருக்கும் சொல்லிட்டே. சொல்லவேண்டிய எடம் வேற, சென்னிமலை.” அதுவரை அவள் அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. அன்றைக்கு ‘சாமி’ வரவில்லை.

சபை மறுவாரமே கூடிற்று. ‘நூறு நாள் அறாத பட்டை, நூறாவது நாள் மாலை அறுந்தது. அப்போது வண்டியில் இருந்தவர் அந்தோணிமேரி. உபகமிட்டியின் முடிவு ஐயந்திரிபற நிரூபணமாயிற்று’ என்று தீர்மானம் எழுதினார்கள். சென்னிமலை ராஜிநாமாக் கொடுத்தான். வண்டியின் பாகம் ராஜிநாமாச் செய்ய விதியில் இடமில்லை என்று அதையும் திருப்பிக் கொடுத்தார்கள். காக்கிச் சட்டையை மடித்து ஆசனத்தில் வைத்துவிட்டு, சட்டைப்பையில் இருந்த சீட்டை மட்டும் எடுத்துக்கொண்டு நடந்தான்.

அத்தனூருக்கு அந்தப்பக்கத் தோட்டத்தில் செல்லாயி களத்தில் கடலைக்காய் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். அவனைக் கண்டதும் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு எழுந்தாள். உள்ளே போய்ச் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள்.

“குடிங்க. எங்கூட்டுக்கு அன்னைக்கு நேரத்துக்கு வந்தவிய நீங்க ஒருத்தருதானுங்க. எங்கம்மா இன்னும் சொல்லிக்கிட்டே இருக்குது.”

அவன் சொம்பை வாங்கவில்லை. “நர்சம்மாவ அன்னைக்கு ஏன் வண்டியில ஏத்தலைன்னு இதுல இருக்குதுங்க” என்று கசங்கிப்போன சீட்டை எடுத்து நீட்டினான்.

“எனக்குப் படிக்கத் தெரியாதுங்களே. நீங்களே படிச்சுச் சொல்லுங்க.”

படித்தான். “பட்டையில் குற்றம் இல்லை. வண்டியில் குற்றம் இல்லை. ஏறியவர் யார்மேலும் குற்றம் இல்லை. ஓட்டுநர் எண்ணெய் தடவியதே காரணம்; தடவாவிட்டால் அறாது.” அதற்குக் கீழே அமிர்தசாமியின் கையெழுத்து. அதற்கும் கீழே தேதி இருந்தது. அங்கே அவன் குரல் நின்றது.

“அவ்வளவுதானுங்களா?”

“தேதி போட்டிருக்குதுங்க.”

“என்ன தேதிங்க?”

“ஆடி இருவத்திரெண்டு.”

செல்லாயி சொம்பைக் கீழே வைத்தாள். ஆடியிலிருந்து புரட்டாசி வரைக்கும் விரல்விட்டு எண்ண ஆரம்பித்தாள். அவள் எண்ணி முடிக்கும்வரை சென்னிமலை அங்கேயே நின்றான்.